சொல்லாமல் விட்ட வீடு

போசோ கிளாரோ,
14 அக்டோபர் 2003

எடிலெயுசா அக்காவுக்கு,

போனை வைத்துவிட்டாய். சரி. "நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்ட. கடுதாசி எழுது. காகிதத்துல குறுக்க பேச முடியாது" என்றாய். எழுதுகிறேன்.

விஷயம் இது. அப்பா நம் இருவருக்கும் சேர்த்து விட்டுப்போன ஒரு ஓட்டுத் தண்ணீர் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. ஊற்றடியில் நம் மடைக்குள் இறங்குவது முழு ஓடு. காட்டைக் கடந்து நம் வேலியருகே வரும்போது அரை ஓடுகூட இல்லை. அளந்தேன். மறுநாளும் அளந்தேன். மீதியை வழியிலேயே மண் குடித்துவிடுகிறது. பச்சை மண் வாய்க்கால், கரையெங்கும் நண்டு வளை, மர வேர். நட்டம் என்றால் நட்டம்தான். வேறு பெயர் கிடையாது.

ஓடு என்பது ஓர் அளவா என்பதே வேறு சண்டை. பேரரசர் காலத்தில் யாரோ நாலு பேர் கூடி, ஒரு கூரை ஓட்டை மல்லாத்தி வைத்து, அதில் ஓடுவது ஒருவர் பங்கு என்றார்கள். எந்தச் சரிவில் வைப்பது என்று சொல்ல மறந்துவிட்டார்கள். நான் தொழில்நுட்பப் பள்ளியில் நீர்ப்பாசனம் படித்தவன். இதை என் வாத்தியாரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஊற்றிலிருந்து தோட்டம்வரை பிவிசி குழாய் போடப்போகிறேன். ஒரு சொட்டு வீணாகாது. ஆனால் பங்கு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. வாய்க்காலை மாற்ற உன் கையெழுத்தும் வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். பேனாக் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பாஷன் பழக் கொடிகள் மேல் வரிசையில் வாட ஆரம்பித்துவிட்டன. தோட்டம் தேறாவிட்டால் ஜனவரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்ரோலினா போய் அடுத்தவன் திராட்சைக்குக் குழாய் போடுவேன். மிரட்டவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன்.

வால்டெனிர்

பி.கு. குழாய் வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது.

*

சாவோ பாவுலோ,
27 அக்டோபர் 2003

என் அருமை எஞ்சினியருக்கு,

குழாய் முற்றத்தில் இறங்கியபிறகு கையெழுத்துக் கேட்கிறாய். மோதிரம் போட்டுவிட்டுப் பெண் கேட்கிற கதை. உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கூடத்தில் வைத்துப் படித்தேன். பக்கத்து மெஷின் பெர்னாம்புகோக்காரி, "யாரு, புருஷனா?" என்றாள். "தம்பி" என்றேன். "நெனச்சேன். புருஷன்னா தொடக்கத்துல ஒரு முத்தமாவது எழுதியிருப்பான்" என்றாள். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நலம்தான். முதுகு வலி, மற்றபடி நலம்.

கையெழுத்துப் போடவில்லை. காரணம் சொல்கிறேன். காகிதம் இது, கடைசிவரை படித்தே ஆகவேண்டும்.

மண் குடிக்கிறது என்கிறாய். குடித்து எங்கே போகிறது? காட்டுக்குக் கீழே சுல்மீரா அம்மாவின் கிணறு இருக்கிறது. அந்தச் சரிவில் வறட்சி முற்றும் நவம்பரிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். உன் வாய்க்கால் கசிவுதான் அந்தக் கிணறு என்று நான் சந்தேகப்படுகிறேன். நான் பள்ளியில் நீர்ப்பாசனம் படிக்கவில்லை. பத்து வயதிலிருந்து அந்த வாய்க்காலில் துணி துவைத்தேன், அவ்வளவுதான். உனக்கு நட்டம் என்பது அவளுக்குக் குடிதண்ணீர் என்றால் என்ன செய்வாய்? அவளுக்கும் ஒரு குழாய் வாங்கித் தருவாயா?

நீ ஊரில் இருக்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். வீட்டைப் பூட்டுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை படிக்கவில்லை. ஆனாலும் இன்னொருத்தியின் கிணற்றைக் காயவைத்து நீ அங்கே இருக்கவேண்டாம்.

அக்கா

*

போசோ கிளாரோ,
9 நவம்பர் 2003

அக்கா,

சந்தேகம் என்பது வாதம் ஆகாது. சோதித்துப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊற்றடியில் மடைப்பலகையை இறக்கி வாய்க்காலை அடைத்துவிட்டேன். தண்ணீரைத் தற்காலிகமாக ஒரு கறுப்பு ரப்பர் குழாயில் திருப்பி, காட்டு வழியே தரைமேல் கிடத்தித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இது நிரந்தர மாற்றம் இல்லை. எனவே உன் கையெழுத்து தேவையில்லை. சுல்மீரா அம்மாவின் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் இறங்கினால் தெரிந்துவிடும்.

முறையை மீறினேன் என்று நீ சொல்லக்கூடாது. வாய்க்காலை அடைக்கிறவன் கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று தன் வாயால் சொல்லவேண்டும். ஆள் அனுப்பக்கூடாது, சீட்டு எழுதக்கூடாது. அதை அப்படியே செய்தேன். எல்லா வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் காப்பி. தூக்கம் போனது.

சுல்மீரா அம்மா மக்காச்சோளப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். "வாய்க்காலை அடைக்கப் போறேன், உங்க கெணத்தைப் பாக்கணும்" என்றேன். "அடைச்சுக்கோ. கெணறு வத்திப்போச்சுன்னா ஒங்க வீட்ல வந்து படுத்துக்கறேன். ஒங்க அம்மா கட்டில் இன்னும் இருக்கில்ல?" என்றார்.

கீழ்வீட்டு ஒட்டாசீலியோ அண்ணன்தான் சண்டைக்கு வந்தார். "டேய், அந்த வாய்க்கால் நாள்கணக்கா அடைச்சு நான் பாத்ததே கெடையாது. வருசத்துல ஒருநாள் தூர்வார அடைப்போம், சாயந்தரமே தெறந்திருவோம்."

"அதனாலதான் யாருக்கும் எதுவும் தெரியல" என்றேன்.

"ஒனக்கு ரொம்பத் தெரியும்" என்றார். போய்விட்டார். மறுநாள் குழாய் கிடத்த அவரே வந்து தோள் கொடுத்தார். அவர் அப்படித்தான்.

இன்றுவரை கயிற்றில் ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை. கிணறு அப்படியே இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் முழுசாக வருகிறது. மேல் வரிசைக் கொடிகள் தலை தூக்கிவிட்டன. இவ்வளவு தண்ணீரை இந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

பேனாவைத் தயாராக வைத்துக்கொள்.

வால்டெனிர்

*

சாவோ பாவுலோ,
19 நவம்பர் 2003

தம்பி,

கிணற்றுக்கு அவசரம் கிடையாது. உனக்குத்தான் அவசரம். மண்ணுக்குள் போகிற தண்ணீர் உன்னைப்போல் மோட்டார் சைக்கிளில் போவதில்லை. டிசம்பர் 13, புனித லூசியா நாள்வரை பொறு. அன்றும் உன் கயிறு இதையே சொன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஆண்டவர்மேல் ஆணை. அதற்குமுன் கேட்காதே.

பிறகு நீ ஜெயித்தாய் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்.

அக்கா

*

போசோ கிளாரோ,
30 நவம்பர் 2003

அக்கா,

வாய்க்காலைத் திறந்துவிட்டேன். சோதனை கெட்டது. நீ கேட்பதற்குமுன் நானே சொல்கிறேன்: கிணறு இறங்கவில்லை. காரணம் வேறு. எழுத வராது, முயற்சி செய்கிறேன்.

போன வாரம் ரப்பர் குழாயில் ஓர் இணைப்பு கசிந்தது. காட்டுக்குள், பெரிய பாறைக்குப் பக்கத்தில். குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். காடு சத்தமில்லாமல் இருந்தது. தவளை இல்லை. வாய்க்கால் காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரே இடத்தில் மட்டும் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அதில் ஒரு குருவி வந்து இறங்கியது.

அக்கா, அது ஒரு சாண்கூட இருக்காது. உடம்பு முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரின் வெள்ளை இல்லை; உள்ளிருந்து விளக்குப் போட்டது மாதிரி வெள்ளை. சிறகும் வாலும் கரிக்கறுப்பு. நெற்றியில் அலகுமேல் ஒரு சின்னக் கொண்டை. அந்தக் கொண்டையிலிருந்து உச்சி, பிடரி, பாதி முதுகுவரை சிவப்பு. யாரோ தலையில் ஊற்றி, அது வழிந்து, பாதி முதுகில் நின்றுவிட்டது போல. அந்த இருட்டுக் காட்டில் அப்படி ஒரு நிறத்துக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. குடித்தது. என்னைப் பார்த்தது. பிறகு பாறைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து பாடியது. குமிழி உடைகிற மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு பாட்டு. கம்பி என் கையிலேயே இருந்தது. குழாய் கசிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் போனேன். தட்டளவுத் தண்ணீரும் போய்விட்டது. குருவி வந்தது. ஈரமில்லாத மண்ணில் நின்றது. போனது. மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது.

க்ராட்டோவில் உயிரியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார், லிண்டோமார். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பார்த்ததும் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"குட்டிச் சிப்பாய். இதுக்குன்னு ஒரு பேரு வெச்சே அஞ்சாறு வருசம்தான் ஆச்சு. ஒங்க ஊர்ப் பொம்பளைங்க சலவைக்காரின்னு சொல்லுவாங்க" என்றார்.

"வேற எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"சியரா மாநிலத்துல வேற எங்கன்னு கேக்கறேன்."

"வால்டெனிர், நான் சொல்றது காதுல விழுதா? உலகத்துல எங்கயும் இல்ல. இந்த மலைச்சரிவு, ஊத்துத் தண்ணி ஓடற இந்த ஒரு பட்டைக் காடு. அவ்வளவுதான். இதுக்கு வெளிய ஒரு குருவி கெடையாது."

நான் சுற்றிலும் பார்த்தேன். இரண்டு பக்கமும் முள்காடு எவ்வளவு தூரம் போகிறது என்று உனக்குத் தெரியும். மேலே மலைமேடு காய்ந்து கிடக்கிறது. கீழே சமவெளியும் காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஊற்றுகள் வெளிவரும் இடத்தில் ஓர் ஈரக் கோடு. அந்தக் கோட்டில் நாம் வாய்க்கால் வெட்டி, ஓட்டை மல்லாத்தி, சண்டை போட்டுப் பங்கு பிரித்திருக்கிறோம். நான் நட்டம் என்று எழுதினேனே, அந்தத் தண்ணீரில்தான் இது இருக்கிறது. உலகத்தில் இது இருக்கும் இடம் அதுதான்.

வாத்தியார் வாய்க்கால் ஓரமாகக் குனிந்தபடியே நடந்தார். ஓரிடத்தில் கை காட்டினார். வாய்க்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சுள்ளிக் கிளையின் கவட்டையில் ஒரு கூடு. உள்ளங்கை அகலம்கூட இல்லை. சிலந்தி நூலால் கட்டி, அடியில் காய்ந்த இலைகளைத் தொங்கவிட்டிருக்கிறது. கீழே நின்று அண்ணாந்தால் அடி வழியே வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சத்தில் இரண்டு முட்டையின் நிழல் தெரிகிறது. அதன்மேல் பெண் குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை. இலைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்ததும்தான் அது உயிர் என்று தெரிந்தது. இந்தப் பாரத்தை அந்த நூல் எப்படித் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். வரவில்லை. நான் கட்டியிருந்தால் அறுந்திருக்கும்.

"எப்பவும் தண்ணிக்கு மேலதான் கட்டும்" என்றார் லிண்டோமார். "கீழ தண்ணி ஓடுனா குரங்கு வராது, பாம்பு யோசிக்கும்."

கீழே பார்த்தேன். காய்ந்த சேற்றில் குட்டிக் குரங்கின் காலடிகள். நேராகக் கூட்டுக்கு அடியில்.

இன்னும் மேலே இன்னொரு கூடு இருந்தது. கிழிந்து தொங்கியது. உள்ளே எதுவும் இல்லை.

எல்லா வீட்டு வாசலிலும் போய் நின்று வாயால் சொன்னேன், காப்பி குடித்தேன். சொல்லாமல் விட்ட வீடுகள் இருந்திருக்கின்றன.

ஓடினேன். மடைப்பலகை ஊறி இறுகிப்போயிருந்தது, கடப்பாரையால் நெம்பி எடுத்தேன். தண்ணீர் உடனே ஓடவில்லை. முதலில் வெடிப்புகளை நிரப்பியது. சருகைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, நடக்கிற வேகத்தில் இறங்கியது. நான் அதற்குப் பக்கத்தில் நடந்தேன். என்னால் மெதுவாக நடக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டுக்கு அடியில் வந்தபோது தண்ணீர் கொஞ்சம் தயங்கி, குரங்கின் காலடிகளில் நிரம்பி, கடந்து போனது. பெண் அசையவில்லை. கீழே பார்க்கவும் இல்லை.

ரப்பர் குழாயில் இப்போது எதுவும் வரவில்லை. மேல் வரிசை போய்விட்டது. கிணற்றுச் சந்தேகத்துக்கு இனி பதில் கிடைக்காது, அதற்கு நீ கொடுத்த நாள்வரை நான் பொறுக்கவில்லை. தோற்றேன் என்று வைத்துக்கொள்.

வால்டெனிர்

*

சாவோ பாவுலோ,
12 டிசம்பர் 2003

தம்பி,

முதல் தடவை படித்தபோது நான் நம்பவில்லை. கிணறு இறங்கியிருக்கும், ஒப்புக்கொள்ள மனசில்லாமல் ஒரு குருவியைக் கொண்டுவந்து நடுவில் உட்காரவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். உடனே முனைக்கடைப் போனிலிருந்து சுல்மீரா அம்மாவின் மகள் வீட்டுக்கு அடித்தேன்; சுல்மீரா அம்மாவே எடுத்தார்.

"கெணறா? கையகலம்கூட எறங்கலடி. ஆனா ஒன் தம்பிக்கு என்னமோ ஆயிருச்சு. காட்டுக்குள்ள போயி மரத்தைப் பாத்துக்கிட்டே நிக்கறான். நான் கூப்பிட்டா 'ஷ்ஷ்'ங்கறான். என்னையப் பாத்து!" என்றார்.

பிறகுதான் யோசித்தேன். நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய். இன்னும் கொஞ்சநாள் சும்மா இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எட்டு வயதில் கோலிக்குண்டு ஆட்டத்தில் ஜெயிக்கப்போகிற நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டதற்கு என்னைக் கடித்தவன் நீ. ஜெயிக்கிற எதையும் நீ கையிலிருந்து விட்டதில்லை. எனவே அந்தக் குருவி உண்மை.

அதைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். சலவைக்காரி என்று நாங்கள் சொன்னது அதன் சத்தத்தை. துவைக்கிற கல்லுக்கு மேல் எங்கேயோ பாடும். அம்மா, "பாரு, அவ ஆரம்பிச்சுட்டா, நீ இன்னும் சோப்பே போடல" என்பாள். அத்தனை வருடம் அதன் காலடியில் துவைத்தேன். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. இப்படி ஒரு வெள்ளை, இப்படி ஒரு சிவப்பு தலைக்கு மேல் இருந்தது என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. நேற்று ஒரு சிவப்புத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சத்தம் போட்டாள்.

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வாக்கு வாக்குதான், கிணறு இறங்கவில்லை. இனி வாய்க்கால் உன் இஷ்டம். குழாய் போட்டு ஊரில் இருப்பாயோ, திறந்துவிட்டுப் பெட்ரோலினா போவாயோ, என்னைக் கேட்காதே. நான் அங்கே நின்று பார்க்கவில்லை. நீதான் பார்த்தாய்.

அக்கா

*

போசோ கிளாரோ,
11 ஜனவரி 2004

அக்கா,

நலமா? முதுகு எப்படி இருக்கிறது?

தாள் வந்தது. வந்த அன்று மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முடிவைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் வாய்க்கால் மண் வாய்க்காலாகவே இருக்கும், கசிவோடும் நண்டு வளையோடும். காட்டைவிட்டு வெளியே வரும் இடத்திலிருந்து தோட்டம்வரை மட்டும் குழாய் போட்டேன். அதில் மிச்சமாவது கொஞ்சம்தான். பெரிய கசிவு காட்டுக்குள்தான் இருக்கிறது, அது உனக்கும் தெரியும். கீழ் வரிசைகளுக்குப் போதும். மேல் வரிசைகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி ஊன்றினேன். மழைக்கு வளரட்டும். வருமானம் பாதியாகிவிடும். பெட்ரோலினாவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பர்பாலியாவில் பம்பு பழுது பார்க்கப் போகிறேன். சமாளிக்கலாம்.

குழாய் பதித்த அன்று ஒட்டாசீலியோ அண்ணன், "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பாதி குழாய் முத்தத்துலயே கெடக்கே!" என்றார். "இருக்கட்டும்" என்றேன். "படிச்சவன் பதில் சொல்ல முடியாம இருக்கட்டும்னு சொல்றது இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார். காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூட்டைக் காட்டினேன். அப்போது குஞ்சு பொரித்திருந்தது. அண்ணன் ரொம்பநேரம் பார்த்தார். ஆண் குருவி மேல்கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாடியது, கூட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பன்னு பேரு. பாட்டு மட்டுந்தான். ஒரு புழு கொண்டாந்தானா பாரு" என்று கிசுகிசுத்தார். பிறகு அவரும் தொப்பியைக் கழற்றினார். ஏன் எல்லோரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. நானும் கழற்றியிருந்தேன், அன்றுதான் கவனித்தேன்.

முந்தாநாள் பெரிய மழை. விடிந்ததும் போனேன். கூடு காலி. பாம்பா, குரங்கா, மழையா என்று கரையெல்லாம் தேடினேன். ஓர் இறகுகூட இல்லை. அப்போது பாறை ஓரத்துப் பெரணிச் செடிக்குள் ஒரு சத்தம். மெல்லிசாக, எண்ணெய் போடாத கீல் போல.

தாய் முதலில் தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டு. வாலே இல்லை. நனைந்து, இறகு குத்திட்டு, ஆளுக்கொரு தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வாயில் இன்னும் மஞ்சள் ஓரம். இந்த ஈரக் கோட்டுக்கு வெளியே இவற்றுக்குப் போக இடமில்லை என்று அவற்றுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது.

தாய் அந்தக் கரைக்குப் போய் ஓர் இலைமேல் உட்கார்ந்து கூப்பிட்டது. ஒரு குஞ்சு வரவில்லை. இன்னொன்று குனிந்தது, பின்வாங்கியது, மறுபடி குனிந்தது. பிறகு தண்டை விட்டுவிட்டது. அது பறந்தது என்று சொல்ல முடியாது. காற்றில் உருண்டது. நான் கையை நீட்டிவிட்டேன், எதற்கென்று தெரியாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு பாய்ச்சல் தூரம்தான்.

போய்ச் சேர்ந்துவிட்டது, அக்கா. நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வால்டெனிர்